போ வம்சம்: வயது ஏறாத சிறுவர்களின் கதையும் அது வரையப்பட்ட விதமும்

ஹகியோ மோட்டோவின் ‘போ நோ இச்சிஸோகு’, அதாவது ‘போ வம்சம்’ என்ற ஜப்பானிய மங்காவை, அதாவது சித்திரக்கதையை, முதல் தொகுதியின் பாதியோடு நிறுத்திவிட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ரத்தக் காட்டேரிக் கதை என்று நம்பி எடுத்தால் திகிலும் இல்லை, சண்டையும் இல்லை, ஓர் அத்தியாயத்தில் செத்துப்போன பெண் அடுத்த அத்தியாயத்தில் உயிரோடு வருகிறாள், கதை நூற்றாண்டு விட்டு நூற்றாண்டு தாவுகிறது, ஓவியமோ பூவும் காற்றும் கூந்தலுமாகப் பழைய பாணியில் இருக்கிறது. இதை இத்தனை பேர் கொண்டாடக் காரணம் என்ன? நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கிப் படித்தால் விளங்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வரிசைப்படி அடுக்க வேண்டாம். அப்படி அடுக்கினால் கதைச் சுருக்கம் கைக்கு வரும், கதை போய்விடும். முதல் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதியும் அந்த வரிசைக் குலைவில்தான் இருக்கிறது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். போகிற வழியில் கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இந்தத் தொடரில் முடிவை முன்கூட்டியே அறிவதால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஆசிரியரே அதைத்தான் நமக்குச் செய்கிறார்.

ஹகியோ 1949இல் ஃபுகுவோகா மாவட்டத்தின் ஓமுட்டா நகரில் பிறந்தவர். ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் அது ஷோவா 24. ஏறத்தாழ அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்து, 1970களில் சிறுமியருக்கான ஷோஜோ மங்காவின் போக்கையே மாற்றிய பெண் ஓவியர்களை ‘24ஆம் ஆண்டுக் குழு’ என்று சொல்வது வழக்கம். 1969இல் கோதான்ஷா நிறுவனத்தின் இதழில் அறிமுகமான ஹகியோ, பின்னர் ஷோகாகுகான் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே இதழாசிரியராக இருந்த யாமமோட்டோ ஜுன்யா, அவர் போக்கில் வரைய இடம் கொடுத்தார். ‘போ வம்சம்’ 1972 மார்ச் மாதம் ‘பெஸ்ஸாட்சு ஷோஜோ காமிக்’ இதழில் தொடங்கி, இடையிடையே நின்று, 1976இல் முடிந்தது. 1974இல் அதன் முதல் தொகுதி புத்தகமாக வந்தபோது 30,000 பிரதிகள் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. 1976இல் ஷோகாகுகான் மங்கா விருதும் கிடைத்தது. எட்கர், ஆலன் என்ற இரண்டு சிறுவர்களின் பெயரையும் வம்சத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தால் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ வந்து நிற்பார் என்பதை வாசகர் இதற்குள் கவனித்திருப்பார். அந்தப் பெயர் ஒரு வணக்கம் மட்டுமே. கதைக்கான தூண்டுதல் வேறிடத்திலிருந்து, இஷினோமோரி ஷோட்டாரோ 1960களின் தொடக்கத்தில் வரைந்த ஒரு வாம்பயர் கதையிலிருந்து, வந்தது.

கதையின் எலும்புக்கூடு எளிமையானது. இங்கிலாந்தில் 1744இல் இரண்டு குழந்தைகள் காட்டில் கைவிடப்படுகிறார்கள்: எட்கர், அவன் தங்கை மேரிபெல். ஹன்னா போ என்ற மூதாட்டி அவர்களை எடுத்து வளர்க்கிறார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ‘வாம்பனெல்லா’ எனப்படும் சாகாத மனிதர்கள். 1754இல், 14 வயதில், எட்கர் அவர்களில் ஒருவனாக்கப்படுகிறான். அதற்குப் பிறகு அவனுக்கு வயது ஏறுவதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து மேரிபெல்லும் அவனைப் பின்தொடர்கிறாள். போர்ட்ஸ்னெல் பிரபுவும் அவர் மனைவி ஷீலாவும் பெற்றோராக நடிக்க, நால்வரும் ஒரு குடும்பம்போல ஊர் ஊராக இடம்பெயர்கிறார்கள். 1879இல் ஒரு துறைமுக நகரத்தில் மருத்துவர் ஒருவருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. மேரிபெல் வெள்ளிக் குண்டுக்குப் பலியாகிறாள், வளர்ப்புப் பெற்றோரும் அழிகிறார்கள். தனித்துவிட்ட எட்கர் அந்த ஊர்ச் சிறுவனான ஆலன் ட்வைலைட்டைத் தன்னோடு அழைத்துச் செல்கிறான். இருவரும் 1976 வரை அலைகிறார்கள்.

இதை ஹகியோ எந்த வரிசையில் கொடுத்தார் என்று பாருங்கள். முதலில் வந்தது சில பக்கங்களே உள்ள ஒரு சிறுகதை: சிறுவயதில் மேரிபெல் மீது மனத்தைப் பறிகொடுத்த சார்லஸ் என்பவர் 30 ஆண்டுகளுக்குப் பிறகு அவளை அதே உருவத்தில் மீண்டும் பார்க்கிறார். யார் இவள், என்ன இனம் என்ற விளக்கம் எதுவும் இல்லை. அடுத்து, 1865இல் மான் என்று நினைத்து மேரிபெல்லைச் சுட்டுவிடும் க்ளென் ஸ்மித் என்ற இளைஞன் ரோஜாக்கள் சூழ்ந்த போ கிராமத்தைக் காணும் கதை. அதற்கடுத்து அவனுடைய நாட்குறிப்பின் கதை. 1972 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, தொடரின் பெயரையே தாங்கிய நீண்ட அத்தியாயம். மேரிபெல் இதில் சாகிறாள். அதற்குப் பின்னர்தான், 1973 ஜனவரியில், எட்கரும் மேரிபெல்லும் எப்படி வாம்பனெல்லா ஆனார்கள் என்ற தொடக்கக் கதை வருகிறது. புத்தகமாகத் தொகுத்தபோது இந்த வரிசை சற்று மாறி, நீண்ட அத்தியாயம் முன்னால் வந்தது. கேள்வி கேட்டவரைக் குழப்பியது இந்த அடுக்குதான். இதழ் வரிசையோ புத்தக வரிசையோ, இரண்டும் ஆண்டு வரிசைக்கு உடன்படுவதில்லை.

மேரிபெல்லின் சாவு முன்னாலும் பிறப்புக் கதை பின்னாலும் வருவதால் என்ன நேர்கிறது? வம்சத்தின் ரகசியத்தை அறிந்துகொண்ட சிறுவன் எட்கர், வளர்ந்தபின் தானும் அவர்களோடு சேர்வதாக ஒப்புக்கொள்கிறான். அதற்கு அவன் கேட்கும் விலை ஒன்றுதான்: தங்கையை இதில் இழுக்கக் கூடாது, அவளை வெளியே அனுப்பிவிட வேண்டும். அவளை மனுஷியாகவே வாழ விடுவதற்காகத் தன்னை விற்றுக்கொள்கிறான். இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது, அவள் வாம்பனெல்லா ஆகத்தான் போகிறாள் என்பதும், 1879இல் ஒரு மருத்துவரின் துப்பாக்கிக்கு இரையாவாள் என்பதும் நமக்கு முன்பே தெரியும். ஆகவே “என்ன நடக்கும்?” என்ற பதற்றம் இல்லை, அவன் எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் வீண் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிகழ்ச்சிகள் நேர்வரிசையில் வந்திருந்தால் இது ஓர் அண்ணனின் தியாகக் கதையாக முடிந்திருக்கும். இந்த வரிசையில், எட்கர் மேரிபெல்லை நினைக்கும்போது அவனுக்கு இருக்கும் அதே நிலை நமக்கும் வாய்க்கிறது: போனவளைப் பற்றிய நினைவுகளை, வந்த வரிசையில் அல்லாமல், எழும் வரிசையில் பெறுகிறோம்.

தொடரின் உச்சம் எது என்று கேட்டால், பலரும் சொல்வது போல நானும் க்ளென் ஸ்மித்தின் நாட்குறிப்பைத்தான் சொல்வேன். மொத்தம் 24 பக்கங்கள். 1899இல் க்ளென் ஸ்மித் இறக்கிறார். அவருடைய இளைய மகள் எலிசபெத், தந்தையின் நாட்குறிப்பில் ரோஜாக்கள் பூத்த ஒரு விசித்திர கிராமத்தைப் பற்றியும் அங்கே சந்தித்த சிறுமியைப் பற்றியும் படிக்கிறாள். பிறகு எலிசபெத்தின் வாழ்க்கை நகரத் தொடங்குகிறது. ஜெர்மனிக்குக் குடிபெயர்கிறாள், மணமாகிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள். முதல் உலகப்போர் வருகிறது, வறுமை வருகிறது, பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், இரண்டாம் உலகப்போரும் வந்து போகிறது. நாட்குறிப்பு கைமாறிக்கொண்டே இருக்கிறது. வாம்பனெல்லாக்கள் பெரும்பாலான பக்கங்களில் இல்லவே இல்லை. ஒரு குடும்பத்தின் 60 ஆண்டுகள், மூப்பும் சாவுமாக, பக்கத்துக்குப் பக்கம் ஓடுகின்றன. கடைசியில் 1959இல் மேற்கு ஜெர்மனியின் ஓர் உறைவிடப் பள்ளியில், எலிசபெத்தின் கொள்ளுப்பேரன் முறையில் வரும் லூயிஸ் என்ற சிறுவன் புதிதாகச் சேர்ந்த இரு மாணவர்களிடம் அந்தப் பழைய நாட்குறிப்பைப் பற்றிப் பேசுகிறான். அவனெதிரே நிற்பவர்கள் எட்கரும் ஆலனும்.

இந்த 24 பக்கங்களில் ஹகியோ செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். சாகாமை என்பதை அவர் சாகாதவர்களைக் காட்டி விளக்கவில்லை. சாகிறவர்களின் வாழ்க்கையை முழுவேகத்தில் ஓடவிட்டு, இறுதியில் இரண்டு மாறாத முகங்களை நிறுத்துகிறார். அந்த வேகத்துக்கு எதிரே நிற்கும்போதுதான் அவர்களின் நிலைத்த தன்மை உறைக்கிறது. இன்னொன்றும் உண்டு. எலிசபெத்துக்கு அந்தக் கிராமம் ஒரு பயங்கரமாகத் தோன்றுவதில்லை. பிழைப்பே பெரும்பாடாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு, காலம் நின்றுபோன ரோஜா கிராமம் போய்ச் சேர முடியாத ஓர் ஆறுதலாகத் தெரிகிறது. அந்த ஆறுதலின் உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு தனிமையில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. திகில் கதை மரபில் இப்படியொரு பார்வை எனக்கு வேறெங்கும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைத்ததில்லை.

இந்த உத்தி தொடர் முழுவதும் வருகிறது. எட்கரைப் பற்றிய செய்திகள் மனிதர்களின் காகிதங்களிலும் சுவர்களிலும் சிக்கிக்கிடக்கின்றன. ஓர் இடத்தில் நாட்குறிப்பு. 1820இல் நடக்கும் எவன்ஸ் குடும்பக் கதையில் ஓர் உயில், எட்கரும் மேரிபெல்லும் என்றேனும் வந்து நின்றால் அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் சந்ததிக்குப் பணித்துவிட்டுப் போன முன்னோர் ஒருவர் எழுதியது. பிறிதோர் இடத்தில், ஆங்கில ஓவியர் தாமஸ் லாரன்ஸ் வரைந்த லாம்ப்டன் சிறுவனின் புகழ்பெற்ற சித்திரத்தின் சாயலில் எட்கரை வைத்து வரையப்பட்ட ஓவியங்கள். ஜான் ஆர்பின் என்ற ஆய்வாளர் இந்தத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, 1966இல் சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டிவைத்து இவை ஒரே சிறுவனைக் குறிப்பவை என்று காட்ட முயல்கிறார். உண்மையில் அது வாசகரின் வேலை. இதழில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்த துண்டுகளைக் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிகளைத்தான் ஆர்பின் உருவில் ஹகியோ கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. விளக்கம் கொஞ்சம் கூடிவிட்ட அத்தியாயமும் அதுதான்.

இத்தனைக்கும் ஆசிரியர் சாகாமையின் நடைமுறைத் தொல்லைகளை மறப்பதில்லை. வளர்ந்த ஒருவர் பத்தாண்டு மாறாமல் இருந்தாலும் ஊர் அவ்வளவாகக் கவனிக்காது. 14 வயதுப் பையன் இரண்டு ஆண்டுகள் உயரம் கூடாமல் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். அதனால் குழந்தைகள் உள்ள வாம்பனெல்லாக் குடும்பம் எந்த ஊரிலும் நிலைக்க முடியாது. அவர்களுக்கு நாடித்துடிப்பு இல்லை. கண்ணாடியில் பிம்பம் விழாது. மனிதர்களிடையே இருக்கும்போது மூச்சு விடுவதுபோலவும் பிம்பம் தெரிவதுபோலவும் கவனமாகப் பாவனை செய்ய வேண்டும். ஒரு கணம் அசந்தாலும் ஆபத்து. ஆகவே மருத்துவர்தான் இவர்களுக்கு மிகக் கொடிய எதிரி, பாதிரியார் அடுத்தபடிதான். 1879க்குப் பிறகு பெற்றோர் வேடத்துக்கும் ஆள் இல்லாத நிலையில், இரு சிறுவர்கள் எந்தக் கேள்வியும் எழாமல் தங்க உறைவிடப் பள்ளி போன்ற இடங்களே மிஞ்சுகின்றன. 1973இல் வந்த ‘குருவிக் கூடு’ என்ற அத்தியாயத்தில் அவர்கள் ஆற்றின் நடுவே இருக்கும் ஒரு ஜெர்மன் பள்ளியில் மாணவர்களாக வந்து சேர்வது இந்தத் தர்க்கத்தின்படியே அமைகிறது. அங்கே அவர்கள் தேடிவந்த ராபின் என்ற சிறுவன் ஏற்கெனவே இறந்துவிட்டான், அந்தப் பெயரை ஒட்டி “ராபின் குருவியைக் கொன்றது யார்?” என்ற ஆங்கிலக் குழந்தைப் பாடல் பக்கங்களுக்கிடையே திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பாடலை இன்னொரு மங்கா கேலிப் பாட்டாக்கி, அந்தக் கேலி தொலைக்காட்சி வழியே ஜப்பான் முழுவதும் பரவியதால், மூலத்தைப் படிக்கப் போகிறவர்களில் சிலர் சோகமான இடத்தில் சிரித்துவிடுகிறார்களாம். புகழுக்கு இப்படியும் ஒரு கூலி உண்டு.

இனி ஓவியம். பழைய பாணி என்று வாசகர் சொன்னது ஒருவகையில் சரிதான். பெரிய கண்கள், அலையும் முடி, அறைக்குள் காரணமின்றி மலரும் பூக்கள் எல்லாம் 1970களின் ஷோஜோ மங்காவின் பொதுச்சொத்து. ஆனால் அந்தப் பொதுச்சொத்தை ஹகியோ கதையின் தேவைக்கு எப்படி வளைத்தார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

பூவையே எடுத்துக்கொள்வோம். மற்ற ஷோஜோ மங்காக்களில் பாத்திரத்தின் பின்னால் ரோஜா வரைந்தால் அது மனநிலையைச் சொல்லும் அலங்காரம். இங்கே வாம்பனெல்லாக்களின் உணவே ரோஜா. மனிதரிடமிருந்து உயிராற்றலை எடுக்க முடியாதபோது அவர்கள் ரோஜாவை நம்பியே பிழைக்கிறார்கள். எனவே எட்கரின் பின்னால் ரோஜா விரியும்போது அது அழகுக்கு வைத்ததா, அவன் பசியைக் காட்டுகிறதா என்று பிரிக்க முடிவதில்லை. இரத்தம் குடிக்கும் காட்சிகள் மிகக் குறைவாகவும் விலகிய கோணத்திலும் வருவதற்கும் இது வழி செய்கிறது. கோரைப்பல்லைக் காட்டி மிரட்ட வேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை.

பக்க அமைப்பு இதைவிட முக்கியம். சாகசக் கதைகளில் கட்டம் என்பது ஒரு கணம். கட்டத்துக்குக் கட்டம் காலம் முன்னோக்கி நகரும். ஷோஜோ மங்காவில் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்: கீழே ஒரு நிலக்காட்சி, அதன்மேல் ஒரு முகம், அதற்கும் மேலே சட்டத்தை மீறி முழு உருவமாக நிற்கும் ஒருவர், இவற்றின் இடைவெளியில் பேச்சுக் குமிழ் இல்லாமல் மிதக்கும் மனக்குரல். இப்படிப்பட்ட பக்கத்தில் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல முடியாது. நடப்பதும் நினைவும் ஒரே தளத்தில் நிற்கும். வேறு எத்தனையோ ஓவியர்கள் இதைக் காதல் ஏக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஹகியோவின் கையில் 200 ஆண்டுகளை ஒரே மனத்தில் சுமக்கும் சிறுவனைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வழி இல்லாமல் போகிறது. அத்தியாயங்களின் வரிசையில் அவர் செய்வதையே பக்கத்துக்குள் கட்டங்களின் அடுக்கிலும் செய்கிறார். கதைசொல்லலையும் ஓவியத்தையும் தனித்தனியே புகழ்வது இந்தத் தொடருக்குப் பொருந்தாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒரே ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். நீண்ட அத்தியாயத்தின் முடிவில், மேரிபெல்லை இழந்த எட்கர் இரவில் ஆலனின் அறைச் சன்னலுக்கு வருகிறான். ஆலன் அப்போதுதான் தன் மாமாவைப் படிக்கட்டில் தள்ளிவிட்டு, கொன்றுவிட்டோம் என்று எண்ணி நடுங்கிக்கொண்டிருக்கிறான். தனியாக இருப்பது தாங்க முடியவில்லை, நீயும் வா என்ற பொருளில் எட்கர் அழைக்கிறான். ஒரு வாம்பயர் இரையைத் தேடிவரும் காட்சிக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருக்கின்றன: இரவு, திறந்த சன்னல், காற்றில் எழும் திரைச்சீலை, உள்ளே ஓர் இளம் உயிர். ஆனால் ஓவியம் எட்கரை இருளில் பதுங்கவைக்காமல் வெளிச்சமான வெற்றிடத்தில் நிறுத்துகிறது. திரைச்சீலையும் முடியும் ஆடையும் ஒரே காற்றில் ஒரே திசையில் பறப்பதால் உள்ளேயும் வெளியேயும் என்ற பிரிவு குலைகிறது. வேட்டையாடுபவனின் முகத்தில்தான் கெஞ்சல் இருக்கிறது. ஆலன் போனபின் மிஞ்சுவது காலியான சன்னல். அழைத்தது அன்பாலா, தங்கையின் இடத்தை நிரப்பவேண்டிய சுயநலத்தாலா என்ற கேள்விக்கு அந்தப் பக்கம் பதில் சொல்வதில்லை. பின்வரும் அத்தியாயங்களில் ஆலனுக்கு ஏற்படும் மனத்தாங்கலெல்லாம், தான் மேரிபெல்லுக்கு ஈடாகக் கொண்டுவரப்பட்டவன்தானோ என்ற இந்தச் சந்தேகத்திலிருந்தே கிளைக்கிறது.

கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புள்ளி அச்சிட்ட ஸ்கிரீன்டோன் தாள்களை வெட்டி ஒட்டிச் சாம்பல் நிறம் கொண்டுவருவது இன்று மங்காவில் சாதாரணம்; 1970களின் தொடக்கத்தில் அதை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தவில்லை. நிழல் வேண்டுமென்றால் பேனா முள்ளால் மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். அதனால் இந்தத் தொடரின் இருட்டு ஒருபோதும் தார் பூசியதுபோல் இராது. உள்ளே ஏதோ அசைவதுபோல் இருக்கும். ஹிரானோ கோட்டா 1997இல் தொடங்கிய ‘ஹெல்சிங்’கோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே கறுப்பு கெட்டியானது, வாம்பயரின் உடலே மையின் பெருக்கமாகப் பக்கத்தை நிறைக்கும். அது வலிமையின் ஓவியம். ஓஷிமி ஷூஸோ 2015இல் தொடங்கிய ‘ஹேப்பினஸ்’ தொடரிலோ வாம்பயரின் பார்வையில் உலகமே நெளிந்து சுழல்கிறது. அது புலன்களின் ஓவியம். இரண்டும் எனக்குப் பிடித்தவையே. ஹகியோவின் ஓவியம் இவ்விரண்டின் பக்கமும் போகாமல், காட்சியின் மீது ஒரு தூரத்தைப் போர்த்துகிறது. யாரோ எப்போதோ பார்த்ததை இன்னொருவர் நினைவுகூர்வதுபோல் எல்லாம் தெரிகிறது.

எட்கரின் முகம் தனிச் சாதனை. உடலும் கன்னமும் சிறுவனுக்குரியவை. கண்ணிமையும் புருவமும் பார்க்கும் சாய்வும் முதிர்ந்தவருக்குரியவை. ஆலனின் முகத்தில் இந்தப் பிளவு இல்லை. நூறாண்டு கழிந்தும் அவன் கோபித்துக்கொள்ளும் பையனாகவே இருக்கிறான். ஒருவனுக்கு உடல் மட்டும் நின்றது, மற்றவனுக்கு மனமும் நின்றுவிட்டது என்பதை வசனமின்றிச் சொல்லும் வேறுபாடு இது. ஆடைகள் கடிகார வேலையைப் பார்க்கின்றன. 18ஆம் நூற்றாண்டுக் கோட்டு, விக்டோரியா காலத்துக் கழுத்துப்பட்டி, 1950களின் பள்ளி உடுப்பு என்று துணி மாறிக்கொண்டே வர, அதற்குமேல் இருக்கும் முகம் மாறாது.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களில் உடல் அளவுகள் தடுமாறுகின்றன. இங்கிலாந்தும் ஜெர்மனியும் படித்தும் படம் பார்த்தும் உருவான கனவு நாடுகள். வீதியில் நடக்கும் ஏழை எளியவர்கள் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. மேரிபெல்லை மற்றவர்கள் நேசிக்கும் அளவுக்கு அவளுக்கென்று ஒரு விருப்பம் எழுதப்படவில்லை. அவள் பெரும்பாலும் எட்கரின் துயரத்துக்கான காரணமாகவே இருக்கிறாள். எலிசபெத்துக்கு 24 பக்கங்களில் கிடைத்த உயிர் மேரிபெல்லுக்குத் தொடர் முழுவதிலும் கிடைக்கவில்லை என்பது என் மனத்தாங்கல்.

‘எடித்’ என்ற அத்தியாயத்தோடு தொடர் 1976இல் முடிந்தது. அந்தக் கதை நடப்பதும் 1976இல், லண்டனில். 1744இல் புறப்பட்டவர்கள் வாசகரின் சொந்த ஆண்டை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பிடித்த இடத்தில் ஒரு தீவிபத்து, அதில் ஆலன் மறைந்துபோகிறான். எட்கர் என்ன ஆனான் என்று சொல்லாமலே ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். 40 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2016இல் ‘ஃப்ளவர்ஸ்’ இதழில், 1944ஆம் ஆண்டு வேல்ஸில் நடக்கும் ‘வசந்தக் கனவு’ என்ற புதிய கதையோடு ஹகியோ திரும்பி வந்தார். இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த ‘யூனிகார்ன்’ 2016இலேயே நடக்கிறது. நிஜ வாழ்க்கையில் எத்தனை ஆண்டுகள் கடந்தனவோ அத்தனை ஆண்டுகள் எட்கருக்கும் கடந்திருக்கின்றன. அத்தனை காலமும் அவன் ஆலனின் மிச்சத்தை வைத்துக்கொண்டு அவனை மீட்கும் வழியைத் தேடியிருக்கிறான்.

தொடங்கியபோது ஹகியோவுக்கு 22 வயது. திரும்பி வந்தபோது 67. கோடு தடித்திருக்கிறது, முகங்கள் கனத்திருக்கின்றன, பழைய பக்கங்களில் இருந்த காற்றோட்டம் குறைந்திருக்கிறது. பழைய வாசகர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். சிறுவர்களுக்கு வயது ஏறவில்லை, வரைந்த கைக்கு ஏறியிருக்கிறது. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: புதிய தொகுதிகள் வம்சத்தின் பூர்வீகத்தையும் கிளைகளையும் மூத்தவர்களையும் விரிவாக விளக்கத் தொடங்குகின்றன. பழைய கதைகளின் பலமே அறியாதவர்கள் கண்ணால் பார்த்ததில் இருந்தது. இப்போது அறிந்தவர்களே பேசுகிறார்கள். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் மர்மம் தகவலாகிவிடுகிறது. இடையில் 2018இல் தகரசுகா நாடகக் குழுவின் மலர்ப் பிரிவு இதை இசைநாடகமாக மேடையேற்றியது. எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்கும் அந்த மேடைக்கு, ஆணுமல்லாத பெண்ணுமல்லாத 14 வயது எட்கர் வலிந்து பொருத்தாமலே பொருந்தினான்.

ஆங்கிலத்தில் படிக்க விரும்புவோருக்கு, ரேச்சல் தோர்ன் மொழிபெயர்த்து ஃபேண்டகிராஃபிக்ஸ் நிறுவனம் 2019இலும் 2022இலும் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் 1972 முதல் 1976 வரையிலான கதைகளை உள்ளடக்கியவை. ஜப்பானிய மூலத்தில் மனக்குரல் வரிகள் மேலிருந்து கீழாகக் கட்டங்களின் இடையே ஒடுங்கி இறங்கும்; ஆங்கிலத்தில் அவை கிடைமட்டமாக அகன்றுவிடுவதால் பக்கத்தின் இழைவு கொஞ்சம் குறையும், அதற்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. கேள்வி கேட்டவர் நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கட்டும். ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அத்தியாயங்களை மட்டும் மாற்ற வேண்டாம். க்ளென் ஸ்மித்தின் நாட்குறிப்பை அவசரமில்லாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டு, பிறகு எட்கர், மேரிபெல் இருவரின் தொடக்கக் கதைக்கும் ‘குருவிக் கூட்’டுக்கும் போகலாம். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், இந்தத் தொடர் அவருக்கானது இல்லை. புத்தகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.